ஜூன் இருபதுக்கு இல்லேன்னு சொன்ன டென்ட்

டன்மோர், இண்டியானா
2015 ஜூன் 29, திங்கட்கிழமை

அன்புள்ள வெஸ்லிக்கும், அன்டோன் தம்பிக்கும்,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் நாலு மாடும் காது கேக்காத நாயும் கர்த்தரோட கிருபையில சுகமாத்தான் இருக்கோம், அங்க நீங்க ரெண்டு பேரும் மழைக்கும் கரடிக்கும் தப்பிச்சு சுகமா இருக்கணும்னு தினம் ஜெபத்துல ரெண்டு பேரையும் சொல்லித்தான் கேக்கறேன். ஆமா, ரெண்டு பேரையும்தான். கவர் மேலயும் ரெண்டு பேர் பேரையும் எழுதியிருக்கேன். அப்பாவுக்கு முட்டி பரவாயில்ல, டாக்டர் நடக்கச் சொன்னா இவர் தபால் பெட்டி வரைக்கும் நடந்துட்டு மலை ஏறிட்டு வந்தவர் மாதிரி நாற்காலியில சாயறார். இந்த ஜூன் மாசம் பெய்ஞ்ச மழையை நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல, சோளம் எல்லாம் மஞ்சக் காமாலை வந்த மாதிரி நிக்குது, தக்காளி வேர் அழுகிப் போச்சு, பீன்ஸ் மட்டும் நான் இருக்கேன்னு தலை தூக்குது. நாய் இடி இடிச்சாக்கூட எழுந்திரிக்கறதில்ல, ஆனா ஃப்ரிட்ஜ் கதவைத் தொறந்தா வந்துடுது, காது கேக்கலேன்னு நாம நெனைக்கறோம், அது நமக்கு நடிச்சுக் காட்டுதுன்னு அப்பா சொல்றார். அங்க நீ வேலை பாக்கற மீன் பொரிப்பகத்துல சால்மன் குஞ்சையெல்லாம் கடல்ல விட்டாச்சா, தண்ணிக்குள்ள கையை வெச்சுக்கிட்டே நிக்காத, உனக்குச் சின்ன வயசுலேர்ந்து விரல் விறைச்சுப் போகும், ரப்பர் கையுறைக்குள்ள கம்பளிக் கையுறை போட்டுக்கோ.

நீ போன் பண்ணி இதோட பன்னெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. நான் கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. அன்னையர் தினத்தன்னைக்கும் கூப்பிடல. குறையாச் சொல்லல, கண்ணு, காரணம் எனக்குத் தெரியும், இப்போ முழுசாத் தெரியும். போன்னா நடுவுல வெச்சுடலாம், கடிதத்தைக் கிழிச்சுப் போட்டாலும் நாலு வரி கண்ணுல பட்டுடும்ங்கற தைரியத்துல எழுதறேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், எனக்குச் சாதகமா எங்கயாவது வளைச்சா அப்பா மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து தொண்டையைச் செருமறார், அதனால வளைக்க முடியாது.

மார்ச் கடைசியில ஆளுநர் அந்த மத சுதந்திரச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார் இல்லையா, ஒருத்தரோட மத நம்பிக்கைக்கு அரசாங்கம் குறுக்க நிக்கக் கூடாது, நின்னா அதுக்குத் தக்க காரணம் காட்டணும்னு. நான் சட்டத்தை வாசிக்கல, நம்ம சபையில யாருமே வாசிக்கல, ஆனா எல்லாருக்கும் அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிருந்தது. பாஸ்டர் ஹால்ஸ்டெட்டோட சம்சாரம் க்ளெட்டா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணி, டார்லா, இனிமே உனக்குப் பாதுகாப்பு இருக்குடி, கல்யாணத் தொழில்ல இருக்கறவ நீதான் முதல்ல சந்தோஷப்படணும்னா. எதுலேர்ந்து பாதுகாப்புன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. இருபத்தாறு வருஷமா டென்டும் மேஜை நாற்காலியும் வாடகைக்கு விடறோம், எங்க டென்டுக்குக் கீழ குடிகாரன் கல்யாணம் நடந்திருக்கு, மூணாவது விவாகரத்துக்கு அப்புறம் நாலாவது கல்யாணம் நடந்திருக்கு, மாப்பிள்ளை பாதியில ஓடிப்போய் சாப்பாடு மட்டும் நடந்த கல்யாணமும் இருக்கு. ஒருத்தர்கிட்டயும் நான் ஒரு கேள்வி கேட்டதில்ல, நாற்காலி எத்தனைன்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். ஆனா க்ளெட்டா சொன்னதும், ஏதோ எனக்குப் பதவி வந்த மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெவர்லியும் நடீனும் ஆபீசுக்கு வந்தாங்க. அன்டோன் தம்பி நம்ம ஊருக்கு வந்ததில்ல, தெரியாதுங்கறதால சொல்றேன், பெவர்லிதான் இந்தப் பக்கத்துக்கே மாட்டு டாக்டர், நடீன் ஸ்கூல் பஸ் ஓட்டறவ, வெஸ்லியை ஆறாம் வகுப்புலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஏத்தி இறக்கினவ. ரெண்டு பேரும் இருபத்திரண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்காங்க. ஊருல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம், அந்த ரெண்டு பொண்ணுங்கன்னு மட்டும் சொல்வோம், அவங்களுக்கு அம்பது தாண்டியாச்சு, இன்னும் பொண்ணுங்க. பெவர்லி ஏதோ பண்ணையிலேர்ந்து நேரா வந்திருந்தா, பூட்ஸ்ல சாணி. போன அக்டோபர்லேர்ந்து நம்ம மாநிலத்துல அவங்களுக்குக் கல்யாணம் பண்ணிக்க வழி வந்துடுச்சு, ஜூன் இருபது சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னாடி புல்வெளியில, நூத்தம்பது நாற்காலி, அந்த ஜன்னல் வெச்ச டென்ட் வேணும்னு நடீன் சொன்னா. சொல்லும்போது சின்னப் புள்ள மாதிரி முகம் சிவந்துபோச்சு அவளுக்கு. என் கையில பேனா இருந்தது. நான் அதை மூடி வெச்சுட்டு, அன்னைக்குத் தேதி காலியா இருக்கு, ஆனா என் மனசாட்சி இடம் குடுக்கல, இப்போ அதுக்குச் சட்டமும் வந்திருக்குன்னு சொன்னேன். ரொம்ப நல்ல குரல்ல சொன்னேன், சர்ச்சுல அறிவிப்பு வாசிக்கற குரல். நடீன் கையில வெச்சிருந்த டென்ட் படப் புத்தகத்தை எடுத்த இடத்துலயே, மத்த புத்தகத்தோட ஓரம் சரியாச் சேர்ற மாதிரி நிறுத்தி வெச்சுட்டு, சரி டார்லா, நேரம் குடுத்ததுக்கு நன்றின்னு சொல்லிட்டு எழுந்தா. பெவர்லிதான் வாசல்ல நின்னு திரும்பி, மனசாட்சி எப்போலேர்ந்து தேதி பாத்து வருது உனக்குன்னு கேட்டுட்டுப் போனா.

அப்பா பின்னாடி கொட்டகையில டென்டுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருந்தார். உள்ள வந்து விஷயத்தைக் கேட்டுட்டு, கடைப் பலகையில டார்லா அண்ட் டெல்மர் ஸ்ட்ரைக்கர்னு ரெண்டு பேர் பேரும்தானே போட்டிருக்கு, உன் மனசாட்சியைக் கேட்டியே, பக்கத்துக் கொட்டகையில இன்னொரு மனசாட்சி ஊசி நூலோட உக்காந்திருந்துச்சே, அதை ஒரு வார்த்தை கேக்க வேணாமான்னார். நான் வசனம் சொன்னேன். அவர் வசனத்துக்கு எதிர் வசனம் சொல்ற ஆள் இல்ல, உனக்கே தெரியும், பேசாம போய் ரொட்டியில சீஸ் வெச்சுத் தானே சுட்டுச் சாப்பிட்டார். மூணு நாள் அப்படித்தான். நான் சமைச்சதை நாய்தான் தின்னு கொழுத்தது.

அதுக்குள்ள ஊர்ப் பத்திரிகையிலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணா. ஒரு வரியில முடிச்சிருக்கலாம், நான் முக்கால் மணி நேரம் பேசினேன். படத்தோட போட்டாங்க. அதைப் பாத்து ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை டிவி வண்டி வாசலுக்கு வந்துடுச்சு. நான் அந்த மஞ்சத் தொப்பியோட புல்தரையில நின்னு, எனக்கு யார்மேலயும் வெறுப்பு இல்ல, பாவத்தைத்தான் வெறுக்கறேன், பாவியை நேசிக்கறேன்னு சொன்னேன். அதை நீ கம்ப்யூட்டர்ல பாத்தேன்னு இப்போ தெரியும். அதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு நடந்துச்சு, அதை அப்புறம் சொல்றேன், வரிசையா வரட்டும்.

பத்திரிகையில வந்ததும் கடிதமா வந்து கொட்டுச்சு. திட்டி வந்ததும் உண்டு, அதெல்லாம் எனக்கு உறைக்கல, விசுவாசத்துக்காகத் திட்டு வாங்கறோம்னு ஒரு மிதப்பு. பாராட்டி வந்ததுதான் அதிகம். முகம் தெரியாத ஒரு அம்மா டெக்ஸாஸ்லேர்ந்து கேக் அனுப்பினாங்க, நசுங்கி வந்துச்சு, அப்பா தொடவே மாட்டேன்னுட்டார். ஒரு நாள் அழகான கையெழுத்துல ஒரு கடிதம், தைரியமான சகோதரி டார்லாவுக்குன்னு ஆரம்பிச்சுது. உள்ள நடீனையும் பெவர்லியையும் என்ன செய்யணும்னு எழுதியிருந்தான். அதை நான் இங்க எழுத மாட்டேன், இந்தக் கையால முடியாது. கடைசியில, உங்களைப் போன்றவர்கள் எங்களோடு இருப்பதற்கு ஸ்தோத்திரம்னு முடிச்சிருந்தான். வெஸ்லி, நான் சமையலறை மேஜையில உக்காந்து அந்த எங்களோடுங்கற வார்த்தையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் மனசுல நானும் அவனும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கோம். நான் எப்போ அங்க போய் உக்காந்தேன்? அதுவும் அவன் எழுதியிருந்தது பொதுவா எல்லாரையும் பத்தி. எல்லாரும்னா அதுல என் புள்ளையும் உண்டு. அதை அப்பாகிட்டகூடக் காட்டாம ஷெரிப் ஆபீசுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்.

ஆனா ஒண்ணு, மனசு கலங்கினதுக்காக உடனே போய்க் கதவைத் தட்டற ஆள் உங்க அம்மா இல்ல. பிடிவாதம் நம்ம குடும்பச் சொத்து, உனக்கும் அதுல பங்கு குடுத்திருக்கேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு, சர்ச்சு முடிஞ்சு வந்து பாத்தா நம்ம பெட்டூனியா கன்னு போட முடியாமக் கீழ கிடக்கா. ஒரு கால் மட்டும் வெளிய வந்திருக்கு, இன்னொண்ணு உள்ள மடங்கிக்கிச்சு. அப்பா என்னை ஒரு வார்த்தை கேக்காம பெவர்லிக்குப் போன் போட்டார். வேற டாக்டரைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன், அடுத்த டாக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள மாடும் போயிடும் கன்னும் போயிடும், நீ போய் மாட்டுக்கு உன் மனசாட்சியைப் பத்தி விளக்கிச் சொல்லுன்னார். கால் மணி நேரத்துல பெவர்லி வந்துட்டா, ஞாயித்துக்கிழமை போடற நல்ல சட்டையோட. அவளும் சர்ச்சுலேர்ந்துதான் வந்திருந்தா, க்வேக்கர் கூட்டத்துக்குப் போறவ, அங்க ஒரு மணி நேரம் எல்லாரும் பேசாம உக்காந்திருப்பாங்க, எனக்கெல்லாம் ஆகாது. சட்டையைக் கழட்டி வேலியில போட்டுட்டு பனியனோட மண்ணுல படுத்தா, தோள் வரைக்கும் கையை உள்ள விட்டா. நின்னு வேடிக்கை பாக்காத டார்லா, வந்து கன்னு கால்ல கட்டியிருக்கற கயித்தைப் பிடி, நான் சொல்லும்போது மட்டும் இழு, உனக்கு முந்திரிக்கொட்டைத்தனம் ஜாஸ்தின்னா. பிடிச்சேன். முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் ஒரே கயித்துல. அவ கண்ணை மூடிக்கிட்டு உள்ள தடவித் தடவி, கண்டுபிடிச்சுட்டேன், முட்டி இங்க இருக்கு, வாடா தங்கம், நிமிருடான்னு பேசறா. கன்னு வழுக்கிக்கிட்டு என் மடியிலயே வந்து விழுந்துச்சு. மூச்சு இல்ல. பெவர்லி வைக்கோலை எடுத்து மூக்குல குத்தினா, தும்முச்சு பாரு ஒரு தும்மல், என் ஞாயித்துக்கிழமை பாவாடை முழுக்க.

கை கழுவும்போது நான்தான் மெதுவா ஆரம்பிச்சேன், நீ வர மாட்டேன்னு நெனைச்சேன் பெவர்லின்னு. அவ சோப்பைத் தேய்ச்சுக்கிட்டே, உன் மாடு என்னைப் பாத்து நீ யாரோட குடித்தனம் பண்றேன்னு கேக்கல, நானும் அதைப் பாத்து நீ எந்தச் சபைன்னு கேக்கல, எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லேன்னா. அப்புறம் சிரிச்சுட்டு, உனக்கு ஒண்ணு தெரியுமா டார்லா, அந்தச் சட்டம் ஜூலை ஒண்ணாம் தேதிதான் நடைமுறைக்கு வருது, நீ என்னை அனுப்பினது மார்ச்சுல, அதுவும் போக அதுக்குள்ள அதைத் திருத்தி ஒட்டுப் போட்டுட்டாங்க, இதைச் சொல்லி யாருக்கும் கடையில இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு. இன்னொண்ணு, எங்களை மாதிரி ஆளை நீ வாசலோட அனுப்பினா ஏன்னு கேக்க நம்ம ஊர்ல முன்னாடியும் சட்டம் இல்ல, இப்போவும் இல்ல. அப்போ அந்தச் சட்டம் உனக்குப் புதுசா எதுவும் தரல, நீ இருபத்திரண்டு வருஷமா சொல்லாம வெச்சிருந்ததைச் சொல்ல ஒரு சாக்கு தந்துச்சு, அவ்வளவுதான்னா. கோபமே இல்லாமச் சொன்னா, மாட்டுக்கு என்ன வியாதின்னு சொல்ற மாதிரி. ஆப்பிள் பை சுட்டு வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போறியான்னு கேட்டேன், வேற என்ன கேக்கறதுன்னு தெரியல. உன் பையை வேணாம்னு சொல்ல என் மதத்துல இடமில்ல, ரெண்டு துண்டாக் குடுன்னு வாங்கிட்டுப் போனா. கன்னுக்குட்டி இப்போ குதிச்சுக்கிட்டு அலையுது, இன்னும் பேர் வைக்கல.

அதுக்கப்புறம் பாஸ்டரைப் போய்ப் பாத்தேன். அவர் மோசமான மனுஷன் இல்ல, நீ நெனைக்கற மாதிரி இல்ல. கல்யாணத்தைப் பத்தி வேதம் சொல்றதை நான் மாத்த முடியாது சிஸ்டர், ஆனா நாற்காலி குடுக்காதீங்கன்னு நான் எப்போ சொன்னேன், டிவியில உங்களைப் பாத்துட்டு நானே தூங்கலைன்னார். சொல்லியிருக்கலாமேன்னேன். நீங்க ரொம்ப உறுதியா இருந்தீங்க, உங்க மனசாட்சின்னு விட்டுட்டேன்னார். பாஸ்டர், மார்ச் மாசம் என் மனசாட்சி ஒண்ணு சொல்லுச்சு, ஏப்ரல் மாசம் வேற சொல்லுது, இதுல எதுக்குப் பாதுகாப்புன்னு கேட்டேன். மனுஷன் காபி வேணுமான்னு கேட்டார். பாரு வெஸ்லி, எனக்கு எல்லாம் தெளிஞ்சுபோச்சுன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். வேதத்துல அந்த நாலஞ்சு இடத்தை வாசிக்கும்போது எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. அறுபத்திமூணு வயசுல தலைக்குள்ள இருக்கற எல்லா அலமாரியையும் ஒரே நாள்ல ஒதுக்கி வைக்க முடியல. ஆனா நடீன் அந்தப் புத்தகத்தை ஓரம் சேர்த்து வெச்சாளே, அதைச் செய்ய வெச்சது கர்த்தர் இல்ல, நான். அது மட்டும் தெளிவாத் தெரியுது.

மே மாசம் ஒரு சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். நடீன்தான் திறந்தா, கையில பெயின்ட் பிரஷ், சமையலறைக்கு வெள்ளை அடிச்சுக்கிட்டு இருந்தா. நான் பண்ணது தப்பு, டென்டை நாங்களே கொண்டுவந்து கட்டறோம்னு சொன்னேன். அவ யோசிச்சுட்டு, வேண்டாம் டார்லா, வேற ஊர்ல சொல்லியாச்சு, உங்க டென்டைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வரும், என் கல்யாணத்தன்னைக்கு அது வேண்டாம்னா. நியாயம்தானே. நான் திரும்பி நடந்தேன், படி இறங்கும்போது கூப்பிட்டா. எங்ககிட்ட மட்டும் கேட்டா போதுமா டார்லா, உன் பையன் பஸ்ல கடைசி ஸ்டாப், உங்க வீட்டு வாசல்ல நிறுத்திக் கதவைத் திறந்தா இறங்க மாட்டான், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டுமா நடீன்னு கேப்பான், நான் இன்ஜினை அணைச்சுட்டு உக்காந்திருப்பேன், ஒண்ணும் பேச மாட்டோம், அப்புறம் மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு இறங்குவான்னு சொன்னா. அந்த பஸ் ஏன் நம்ம வாசல்ல நின்னுக்கிட்டே இருக்குன்னு ஜன்னல் வழியாப் பாத்து, இந்த நடீன் டீசலை வீணாக்கறாளேன்னு நான்தான் சலிச்சுக்குவேன். நாலு வருஷம் சலிச்சிருக்கேன். ஏன்டா ராசா அப்படி உக்காந்திருந்தேன்னு நான் இப்போ கேக்க மாட்டேன். கேக்க வேண்டியப்போ கேக்கல.

சரி, கல்யாணக் கதைக்கு வரேன், அப்பா மறுபடி செருமறார், சோகத்தை இழுக்காதேன்னு. ஜூன் இருபதுக்கு முன்னாடி ஒரு வாரம் வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு பெவர்லி அப்பாவுக்குப் போன் பண்ணா. டென்ட் வந்து நிக்குது டெல்மர், ஆனா புல்வெளி முழுக்க சேறு, கார் நிறுத்தற இடத்துலேர்ந்து டென்டுக்கு ஆள் நடந்து வர முடியாது, உங்ககிட்ட தரைப் பலகை இருக்குமேன்னு. அப்பா என்னைப் பாத்தார், நான் அதுக்குள்ள பூட்ஸ் மாட்டிட்டேன். முட்டி வலின்னு தபால் பெட்டிக்குப் போக மாட்டாத மனுஷன் அன்னைக்கு எழுபது பலகை இறக்கினார். நான் சேத்துல மண்டி போட்டு ஒவ்வொண்ணா வரிசை பாத்துப் பதிச்சேன், ஒரு பலகை சறுக்கி அப்படியே உக்காந்துட்டேன், எழுந்திரிக்க முடியல, நடீன் கல்யாண ட்ரெஸ் மேல மழைக் கோட்டு போட்டுக்கிட்டு வந்து கையைக் குடுத்துத் தூக்கினா. சிரிச்சா. நல்லாச் சிரிச்சா, பஸ்ஸே குலுங்கற மாதிரி சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. பலகையைப் போட்டுட்டுக் கிளம்பறோம்னு சொன்னோம். ரெண்டு நாற்காலி மிச்சம் இருக்கு, பின் வரிசையில, சேத்தோடயே உக்காருங்க, இங்க பாதிப் பேருக்கு மாட்டுச்சாணி வாசனை பழக்கம்தான்னா.

உக்காந்தோம். திரும்பிப் பாத்தா யாரு, நம்ம சபை ஆளுங்க பதினஞ்சு பேர் இருக்காங்க. நான் யாருக்காக டிவியில நின்னு பேசினேனோ அவங்களே வந்திருக்காங்க, ஆளுக்கொரு சாப்பாட்டுப் பாத்திரத்தோட. க்ளெட்டா உருளைக்கிழங்கு சாலட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீ எங்கடி இங்கன்னு கேட்டா, சாலட் குடுக்கறது வேற, கல்யாணத்துல கலந்துக்கறது வேற, நான் சாலட்டுக்குத்தான் வந்தேங்கறா. மோதிரம் மாத்தும்போது முதல் ஆளா எழுந்து நின்னு கை தட்டினதும் அவதான். அந்தச் சாலட்டுல உப்பு இல்ல, அதையும் சொல்லிக்கறேன். பெவர்லி ஒரு வார்த்தை தவறாம உறுதிமொழி சொன்னா, நடீனுக்குத்தான் வாய் வரல, இருபத்திரண்டு வருஷமா நெனைச்சது பெவர்லின்னு மட்டும் சொல்லிட்டு நின்னுட்டா. அது போதும்னு பெவர்லி சொன்னா.

திரும்பி வரும்போது டிரக்கை அப்பாதான் ஓட்டினார். சாலை முக்குல வண்டியை ஓரமா நிறுத்திட்டு, டார்லா, ஒண்ணு சொல்லணும், சொல்லாதீங்கன்னு வெஸ்லி சொன்னான், இனிமே என்னால முடியலைன்னு ஆரம்பிச்சார். ஈஸ்டர் அன்னைக்கு நீ போன் பண்ணேன்னு சொன்னார். எங்க கல்யாணத்துக்குத் தேதி வெச்சாச்சு, ஏப்ரல் பதினேழு, இங்க எங்க ஊர் சிட்கா கோர்ட்டுல, அம்மாகிட்ட நானே சொல்லணும், அம்மாவைக் குடுங்கன்னு நீ கேட்டதாச் சொன்னார். இரு கூப்பிடறேன்னு அவர் ஜன்னல் கிட்ட வந்தாராம். நான் மஞ்சத் தொப்பியோட கேமராவைப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தேனாம். அம்மா எங்கன்னு நீ கேட்டியாம், வாசல்ல டிவிக்காரங்களோடன்னு சொல்ல வேண்டியதாப் போச்சாம். சரிப்பா, அம்மா வேலையா இருக்காங்க போல, விட்டுடுங்கன்னு சொல்லிட்டு வெச்சியாம். ரெண்டு மாசம் அந்த மனுஷன் இதை மனசுல வெச்சுக்கிட்டு என்னோட ஒரே மேஜையில சாப்பிட்டிருக்கார். நான் அவரைத் திட்டல. என்ன சொல்லித் திட்டறது?

அப்போ என் புள்ளைக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு, ஊருல இருக்கற எல்லார் கல்யாணத்துக்கும் நாற்காலி போட்ட நான் அதுல இல்ல. நானேதான் இல்லாமப் பண்ணிக்கிட்டேன். இதுக்கு நீ ஆறுதல் சொல்ல வேணாம், சொன்னாலும் எனக்குப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை தலைநகர்லேர்ந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, இனிமே நாடு முழுக்க இந்த மாதிரிக் கல்யாணத்தை யாரும் தடுக்க முடியாதுன்னு டிவியில சொன்னப்போ அப்பா எழுந்து வெளிய போய்க் கொட்டகையில சுத்தியலால எதையோ தட்டிக்கிட்டே இருந்தார், அங்க தட்ட வேண்டியது ஒண்ணுமே இல்ல. அவருக்குச் சந்தோஷம் வந்தா அப்படித்தான்.

அன்டோன் தம்பி, உங்களை நான் பாத்ததில்ல. மூணு வருஷமா இவன் வாயிலேர்ந்து உங்க பேர் வரும்போதெல்லாம் நான் பேச்சை மாத்தியிருக்கேன், அதை நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டிருப்பீங்க. உங்ககிட்ட நேர்ல சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, கடிதத்துல சொன்னா சுலபமாப் போயிடும், அதனால நேர்ல சொல்றேன், நீங்க எப்போ சரின்னு சொல்றீங்களோ அப்போ. நீங்க எந்த ஊரு, அம்மா அப்பா இருக்காங்களா, என்ன சாப்பாடு பிடிக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. வெஸ்லிக்கு முட்டை அலர்ஜி இல்ல, சும்மா சொல்வான், சாப்பிட வைங்க.

உங்க ரெண்டு பேரையும் கர்த்தர் ஒண்ணா வெச்சு ஆசீர்வதிக்கட்டும், உங்க வாசலும் அடுப்பும் எப்பவும் சூடா இருக்கட்டும், கையில எடுத்த வேலையெல்லாம் கூடி வரட்டும். கடலுக்குப் போகும்போது மிதவைச் சட்டை போடாமப் போகக் கூடாது, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். கல்யாணப் படம் எடுத்திருந்தா ஒண்ணு அனுப்புங்க, அப்பா கேக்கறார், நானும்தான் கேக்கறேன், அவர் பேரைச் சொல்லிக் கேக்கற வேலை எதுக்கு.

ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு மேல வீட்டுலயேதான் இருப்பேன். கூப்பிடு. திட்டணும்னா திட்டு, முழுசாக் கேக்கறேன். நீ அன்டோனைப் பத்திப் பேச்செடுத்ததும், அடுப்புல பால் பொங்குது, இரு அப்பாகிட்ட குடுக்கறேன்னு ஓடுவேனே, இங்க மூணு வருஷத்துல ஒரு நாளும் பால் பொங்கல, வெஸ்லி. இந்தத் தடவை நீ போனை வைக்கற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.

உங்கள் அன்புள்ள,
அம்மா
டார்லா ஸ்ட்ரைக்கர்